தொரை சாப்பிட்டாச்சா?

வெள்ளைக்கல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துச் சோத்தைக் குரங்குகூடத் தொடாது என்று ஒரு பேச்சு உண்டு. யாரோ கிண்டலுக்குக் கிளப்பிவிட்டதுதான். ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அங்கே சமைக்கிற விஜயலெட்சுமிக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

பூனாகலைப் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்தை எடுத்தாலும் குரங்குத் தொல்லைதான். கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் இறங்கும், சோற்று டெக்சி மூடியை உருட்டிவிடும், முட்டை போடும் நாளைப் பிள்ளைகளுக்கு முந்தித் தெரிந்துகொண்டு வந்துவிடும். வெள்ளைக்கல்லில் குசினிக்குக் கதவே கிடையாது. பின்னால் காட்டோரத்தில் ஒரு பெரிய பாறை. அதில் முழுக் கூட்டமும் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் சோறு வெந்தாலும் சரி, கறி கொதித்தாலும் சரி, ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது.

"ஒனக்கு அந்தக் கவலையே இல்ல விஜி. குடுத்து வச்சவ," என்றாள் பக்கத்து லயத்து வீட்டு நல்லம்மா, பீலியில் தண்ணி பிடிக்கும்போது. நல்ல மனதோடுதான் சொன்னாள். விஜயலெட்சுமி குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். கொரோனாக் காய்ச்சலில் படுத்தவள் எழும்பினாள், இருமல் போனது, உடம்பு வலி போனது, கூடவே மணமும் போனது. மணத்தோடு ருசியும் போனது. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று பார்த்தாள். பச்சை மிளகாயைக் கடித்தால் நாக்கு எரியும், அவ்வளவுதான். பழைய கருவாட்டை மூக்கோடு வைத்தாலும் ஈர மரக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. வெளியே சொன்னால் குசினி வேலை போகும். இடுப்பு வலியோடு திரும்பவும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் கைப்பழக்கத்தில் உப்பைப் போட்டாள், கண் மதிப்பில் தூளைப் போட்டாள், கொதிக்கிற சத்தத்தை வைத்து இறக்கினாள். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். அதனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தாள்.

நல்லம்மா சொன்னதற்கு மறுநாள், பிள்ளைகளுக்குப் பரிமாற முந்தி, ஒரு பிடி சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்து வாழை இலைத் துண்டில் வைத்து எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனாள்.

கூட்டத்துக்குத் தலைவனாக ஒரு கிழட்டு ஆண் குரங்கு இருந்தது. ஒரு காது கிழிந்திருக்கும். காலையில் பிள்ளைகள் வரிசையில் நின்று தேவாரம் பாடும்போது, மேலே மதில் ஓரமாக மெதுவாக நடந்து, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து, எதிலும் திருப்தி இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போகும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்து மனேஜர் நடக்கிற நடை அப்படியே இருந்ததால், மனேஜரைக் கூப்பிடுகிற பெரியதொரை என்ற பேரையே பிள்ளைகள் அதற்கும் வைத்திருந்தார்கள்.

பெரியதொரை இலையை இழுத்தது. ஒரு கவளத்தை எடுத்து மோந்தது. விஜயலெட்சுமியை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தது. பிறகு எறிந்தது. பருப்பு அவள் தோளில் வந்து விழுந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. குரங்குக்கு முன்னால் அழக்கூடாது என்று குசினிக்குத் திரும்பி, பருப்பில் கொஞ்சம் உப்பைப் போட்டுக் கலக்கி, இன்னொரு பிடியோடு போனாள். அதையும் எறிந்தது. ஆனால் இந்தத் தடவை அவ்வளவு தூரம் எறியவில்லை. அவளுக்குள் ஏதோ வீம்பு ஏறிக்கொண்டது. தேங்காய்ப்பால் கொஞ்சம் கூட்டி, கறிவேப்பிலையை எண்ணெயில் தாளித்துக் கொட்டிக்கொண்டு போனாள். பெரியதொரை ஒரு விரலை நக்கியது. யோசித்தது. இன்னொரு விரலை நக்கியது. பிறகு இலையைத் தூக்கிக்கொண்டு, மற்றக் குரங்குகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றது.

அன்றைக்கு முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "அத்தை, இன்னும் கொஞ்சம் போடுங்க," என்று தட்டை நீட்டியது. அந்தக் குசினியில் யாரும் இரண்டாம் தரம் கேட்டு அவள் பார்த்ததில்லை.

அதிலிருந்து அது தினசரி வேலையாகிவிட்டது. போகப்போக அதன் குணமும் அவளுக்குப் பிடிபட்டது. தூர எறிந்தால் உப்புப் போதாது. கீழே வைத்துவிட்டுக் கையைப் பாறையில் துடைத்தால் காரம் கூடிவிட்டது. தின்றுகொண்டே வானத்தைப் பார்த்தால், பரவாயில்லை, ஆனால் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இறைச்சிக்குப் பதிலாகப் போடும் சோயாமீட்டை மட்டும் அது எந்த நிலையிலும் ஏற்றுக்கொள்ளவில்லை. ரம்பை இலை போட்டுப் பார்த்தாள், பூண்டு தட்டிப் போட்டாள், கடைசியில் புளிப்புக்குக் கொறக்கா போட்டு மிளகு தூக்கலாக வறட்டியபோதுதான், வேண்டாவெறுப்பாக ஒரு துண்டை வாயில் போட்டது.

பள்ளிக்கூட அதிபர் ஜீவன் சேர் ஒருநாள் ஜன்னலில் இருந்து இதைப் பார்த்துவிட்டார்.

"என்ன விஜியக்கா, கொரங்குக்கு இலை போட்டு பரிமாறுறீங்க?"

"அனுமாருக்கு ஒரு புடி வைக்கிறேங்க சேர். மனசுக்கு ஒரு நிம்மதி."

அவர் பக்தியுள்ள மனிதர். அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பூவையும் கொண்டுவந்து பாறையில் வைத்தார். பெரியதொரை அதையும் தின்றது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் சிவராசா சேர் வந்தார். பண்டாரவளையில் இருக்கும் கல்விக் கந்தோரில் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குப் பொறுப்பானவர். யாழ்ப்பாணத்து மனிதர். குடும்பம் ஊரில், இவர் இங்கே வாடகை அறையில். சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினால், பிள்ளைகள் எல்லாம் மண்டபத்தில் வெறும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஏன் பிள்ளையள், இன்னும் சாப்பிடேல்லையோ?"

"தொரை இன்னும் சாப்பிடல சேர்," என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

சிவராசா சேர் குசினிக்கு வந்தார். "துரை சாப்பிட்டாப் பிறகுதான் பிள்ளையளுக்குச் சாப்பாடோ?"

பயத்தில் விஜயலெட்சுமிக்குப் பொய் வரவில்லை. "ஆமாங்க சேர். பெரியதொரை சாப்பிட்டு பாத்தாதான் எனக்கு திருப்தி."

"எங்க இருந்து சாப்பிடுறவர்?"

"பின்னால பாறையிலங்க."

"பாறையிலயோ? ஒரு கதிரை குடுக்கிறேல்லையோ?"

"குடுத்தாலும் ஒக்கார மாட்டாருங்க சேர். புடிக்கலன்னா எறிஞ்சிருவாரு. மேலெல்லாம் வந்து விழும்."

சிவராசா சேரின் முகம் சிவந்தது. "எறியிறவரோ! இதென்ன வெள்ளைக்காரன்ரை காலமோ? ஒரு பொம்பிளை சமைச்ச சாப்பாட்டை முகத்தில எறியிறதுக்கு அவர் ஆர்? விடுங்கோ, நான் கதைக்கிறன்." கையில் இருந்த சாப்பாட்டுப் பார்சலையும் குடையையும் வைக்கக்கூட மறந்து, தோட்டத்து மனேஜரை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று குசினிக்குப் பின்னால் விறுவிறுவென்று போனார்.

பாறையில் மனேஜர் இல்லை. பெரியதொரை இருந்தது.

அவர் இலையைப் பார்த்தார், குரங்கைப் பார்த்தார், பின்னால் ஓடிவந்த விஜயலெட்சுமியைப் பார்த்தார். விஷயம் மெதுவாக விளங்கியது. "குரங்கு சாப்பிட்ட மிச்சத்தையோ பிள்ளையளுக்குக் குடுக்கிறியள்!" என்று கத்தினார்.

"மிச்சம் இல்லைங்க சேர், தனியா எடுத்து வைக்கிறது."

"ஒண்டும் சொல்லாதையுங்கோ!" என்று இரண்டு கையையும் வீசுவதற்காகப் பார்சலைப் பாறையில் வைத்தார். வைத்ததுதான் தாமதம், பெரியதொரை அதை எடுத்து, கடதாசியைப் பிரித்து, சோறு சுற்றிய லஞ்ச் சீட்டை விரித்தது. உள்ளே அவரே விடிய எழும்பி அவித்த சோறும் ஏதோ ஒரு வெள்ளைக் கறியும். மோந்தது. ஒரு கவளம் எடுத்து நாக்கில் வைத்தது. பிறகு முழுப் பார்சலையும் நாலு மூலையும் சேர்த்துப் பிடித்து, தேயிலைச் சரிவில் பலம்கொண்ட மட்டும் வீசியது. அப்படி ஒரு எறியை விஜயலெட்சுமி அதுவரை பார்த்ததில்லை.

சிவராசா சேர் சரிவில் சிதறிக் கிடந்த சோற்றைப் பார்த்தார். "இவ்வளவு வருசமும் நான் உந்தச் சாப்பாட்டைத்தான் சாப்பிடுறன்," என்றார் கடைசியில், யாருக்கென்று இல்லாமல்.

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு தட்டில் சோறும் கௌபிப் பயறுக் கறியும் வல்லாரைச் சம்பலும் போட்டுக் கொடுத்தாள். அவர் பாறையின் மற்ற ஓரத்தில் குந்திச் சாப்பிட்டார். பெரியதொரையும் தன் இலையில் தின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவர் வேறு ஆளாக இருந்தார்.

"உவர் ஆருக்கும் பயப்பிடுறேல்லை. ஆரிட்டையும் ஒண்டும் வாங்கிறேல்லை. மனதில பட்டதைச் செய்யிறார்," என்றார் பெரியதொரையைக் காட்டி. "எங்கடை கந்தோரில இப்பிடி ஒரு ஆள் இல்லை."

அடுத்த மாதமே சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டார். புதன்கிழமை தோறும் ஒவ்வொரு குசினியிலிருந்தும் ஒரு பிடி சாப்பாடு வெள்ளைக்கல்லுக்கு வர வேண்டும். சமையல்காரப் பெண்கள் டிபன் கரியரும் கையுமாகப் பூனாகலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பாறைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். யாருடையது எறிபட்டதோ அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெரகல பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஹம்ஸியாவின் கடலைக் கறியை மட்டும் பெரியதொரை முதல் வாரமே தின்றுவிட்டு, பாத்திரத்தையும் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டது. தேங்காயை வறுத்து அரைத்தாளாம். அடுத்த வாரம் எல்லாப் பாத்திரத்திலும் வறுத்த தேங்காய் வந்தது. எறிபட்டுவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொருத்தியும் கீரையை நேரத்துக்கு இறக்கினாள், கல் பொறுக்கிய அரிசியைத் திரும்பவும் பொறுக்கினாள். அந்த மலைப்பக்கத்தில் பிள்ளைகள் அவ்வளவு நல்ல சாப்பாட்டை அதுவரை சாப்பிட்டதில்லை. அது சத்தியம்.

விஜயலெட்சுமிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தொரைக்கே சமைக்கிறவள் என்று பேர் வந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம், "அக்கா, தொரைக்கிட்ட குடுக்க முந்தி நீங்க ஒரு வாய் பாத்து சொல்லுங்களேன்," என்று கரண்டியை நீட்டினார்கள். அவள் வாயில் போட்டு, கண்ணை மூடி, வெறும் சூட்டையும் ஈரத்தையும் மென்று, "எல்லாம் இருக்கு. ஆனா ஒன்னு இல்ல," என்பாள். "ஆமாக்கா! நானும் அதத்தான் நெனச்சேன்!" என்று அவர்கள் ஓடுவார்கள். ராத்திரி படுத்தால் அந்த முகங்கள் வந்து நின்றன.

பிறகு விழா வந்தது. கொழும்பில் இருக்கும் ஏதோ ஒரு நிறுவனம், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு உதவி செய்கிறவர்கள், பார்க்க வருகிறார்களாம். "இங்கத்தைய சாப்பாட்டை ஒவ்வொரு நாளும் பெரியதுரை ருசி பாக்கிறவர்," என்று மட்டும் சிவராசா சேர் அவர்களிடம் சொல்லியிருந்தார். மிச்சத்தை நேரில் காட்டி அசத்துவது அவர் திட்டம். பாறைக்குப் பந்தல் போட்டார்கள். சிவப்புத் துணி விரித்த கதிரை ஒன்றும் வைத்தார்கள்.

காலையில் ஒலிபெருக்கி கட்டினார்கள். ஜீவன் சேர் சீனவெடி கட்டு ஒன்றைக் கொளுத்திப் போட்டார். கடைசி வெடி அடங்கியபோது பாறை காலியாக இருந்தது. முழுக் கூட்டமும் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

விஜயலெட்சுமி டெக்சிக்கு முன்னால் நின்றாள். உப்புப் போட்டாளா? போட்டாள். இல்லை, அது சோற்றுத் தண்ணிக்கு. ஒலிபெருக்கியில் ஒருவர் 'அலோ, அலோ' என்று கத்திக்கொண்டே இருந்தார். அவள் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். பிறகு, போட்டோமா என்று சந்தேகம் வந்து, இன்னொரு கையும் போட்டாள்.

கொழும்பு அம்மாமார் இரண்டு பேர் வந்து மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தாயிற்று. சிவப்புக் கதிரை மட்டும் காலி. விருந்தாளிகளுக்கு முன்னால் ஒழுங்கை மீறக் கூடாது, தொரை வந்தால்தான் பரிமாறுவது என்று சிவராசா சேர் ஒரே பிடியாக நின்றார். கடைசியில் அவரும் ஜீவன் சேரும் செருப்போடு தேயிலைக்குள் இறங்கி, மலையைப் பார்த்துக் கையைக் குவித்துக் கூப்பிட்டார்கள்.

"தொரை! பெரியதொரை! வாங்க தொரை!"

"துரை! சாப்பாடு ஆறுது, வாங்கோ!"

கீழ் ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஜீப் ஒன்று சடாரென்று நின்றது. தோட்டத்து மனேஜர் இறங்கினார். கண்டிப் பக்கத்துச் சிங்கள இளைஞர், வேலைக்கு வந்து ஒரு வருசம்கூட இல்லை. தொழிலாளிகளோடு பழகித் தமிழ் பழகியவர். தன்னைப் பார்த்தாலே எல்லோரும் ஒதுங்கிப் போகிற இந்தத் தோட்டத்தில், இவ்வளவு ஆசையாக ஒருவரும் தன்னைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"என்னையா கூப்டது? வர்றேன், வர்றேன்!" என்று சப்பாத்துக் காலோடு சரிவில் ஏறி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எதை யார் நிறுத்துவது? கொழும்பு அம்மாமார் எழும்பிக் கை தட்டினார்கள். மனேஜருக்கு மாலை விழுந்தது. சிவப்புத் துணிக் கதிரையில் உட்கார்த்தி, பழக்கதோசத்தில் வாழை இலைத் துண்டில் ஒரு பிடி சோறும் பருப்பும் வைத்துக் கையில் கொடுத்துவிட்டு, எல்லோரும் மூன்றடி தள்ளி நின்று, எறிவாரா மாட்டாரா என்று மூச்சை அடக்கிப் பார்த்தார்கள். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மனேஜர் வாயில் போட்டார். அவர் கண் பெரிதானது. காது சிவந்தது. தொண்டை ஒரு தடவை ஏறி, நடுவில் நின்று, பிறகு இறங்கியது. நல்ல வளர்ப்பு. எறியவில்லை.

"மிச்சம் நல்லம், ரொம்ப நல்லம்," என்றார் கண்ணில் தண்ணியோடு.

"துரை எறியேல்லை!" என்று சிவராசா சேர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். கைதட்டலோடு பரிமாறல் தொடங்கியது.

விஜயலெட்சுமி குசினி வாசலில் நின்று பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகச் சுருங்கிக்கொண்டு போனது. ஆனாலும் மென்றார்கள், தண்ணிப் போத்தலைத் தேடினார்கள், திரும்பவும் அவளுக்காக மென்றார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கையில் இருந்த அகப்பையோடு நடு மண்டபத்துக்கு வந்தாள்.

"போதும், வையுங்க தட்ட. சாப்பிடாதீங்க," என்றாள். "எனக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. கொரோனாவுல போனது, இன்னும் வரல. இவ்வளவு நாளும் அந்த கொரங்கு சொன்னத வச்சித்தான் சமைச்சேன். இன்னிக்கி அது வரல."

மூன்றாம் வகுப்பு ஆர்த்திகா எழும்பி நின்றாள்.

"தெரியும் அத்தை."

"என்னா தெரியும்?"

ஆர்த்திகா பென்சில் பெட்டியைத் திறந்து, கடதாசியில் முடிந்த சின்னப் பொட்டலம் ஒன்றைக் காட்டினாள். உப்பு. பக்கத்தில் இருந்தவனும் தன் பெட்டியைத் திறந்தான். அவனிடம் உப்பும் மிளகுத்தூளும். வரிசை வரிசையாகப் பெட்டிகள் திறந்தன. ஒருத்தியிடம் பாதி எலுமிச்சங்காய்கூட இருந்தது.

"தொரைக்கு நீங்க குடுக்குறதுக்கு முந்தியிருந்தே கொண்டாறோம்," என்றாள் ஆர்த்திகா. "சொன்னா ஒங்கள மலைக்கு அனுப்பிருவாங்கன்னு அம்மா சொன்னாங்க. எல்லா அம்மாவும் சொன்னாங்க." பிறகு மிகவும் வருத்தத்தோடு, "ஆனா இன்னிக்கி உப்பு கூடிப்போச்சு அத்தை. அதுக்கு நாங்க ஒன்னும் கொண்டாரல," என்றாள்.

பெற்றோர் பக்கத்தில் நின்ற நல்லம்மா, வானத்தில் ஏதோ முக்கியமானதைக் கண்ட மாதிரி அண்ணாந்து பார்த்தாள்.

விஜயலெட்சுமி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. விழா பார்க்க வந்திருந்த ஹம்ஸியாதான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குசினிக்குள் போனாள். இருந்த உருளைக்கிழங்கை எல்லாம் வெட்டிப் பருப்பில் போட்டாள், தேங்காய்ப்பாலை ஊற்றினாள், உப்பில்லாமல் இன்னொரு டெக்சி சோறு வைத்தாள். அது வேகும் வரைக்கும் மனேஜர் மாலையைக் கழற்றாமல் கிளாஸ் கிளாஸாகத் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். யாரைக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குக் கடைசி வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. அவர் பிறகு மாதத்தில் ஒருநாள் தானாகவே சாப்பிட வரத் தொடங்கினார்.

விருந்தாளிகள் போன பிறகு சிவராசா சேர் விஜயலெட்சுமியைக் கூப்பிட்டார். அவள் சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நான் நல்லா யோசிச்சுப் பாத்தனான்," என்றார். "சமைக்கிற ஆள் நகம் வெட்டியிருக்கோணும் எண்டு சட்டம் இருக்கு. தலைமயிரைக் கட்டியிருக்கோணும் எண்டு இருக்கு. மூக்கு வேலை செய்யோணும் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. நீங்கள் நாளைக்கும் வாங்கோ."

குரங்குக் கூட்டம் அந்தப் பக்கத்து மலையிலேயே தங்கிவிட்டது. ருசி பார்க்கிற வேலை சாப்பிடுகிறவர்களிடமே வந்தது. தினமும் வகுப்புக்கு ஒருவராகப் பிள்ளைகள் குசினி வாசலில் வந்து உள்ளங்கையை நீட்டுவார்கள். விஜயலெட்சுமி ஆளுக்கு ஒரு கரண்டி விடுவாள். முதலாம் வகுப்பு காரம் என்று அழும், ஐந்தாம் வகுப்பு காரமே இல்லை என்று சண்டை பிடிக்கும். பெரியதொரை எவ்வளவோ மேல் என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். பிறகு இரண்டு சட்டியில் சமைக்கப் பழகினாள். சம்பலில் புளி கூடிப்போனால் இப்போது முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். முதலில் சுருக்கென்றது, பிறகு பழகிவிட்டது.

பிறகு ஒருநாள் காலையில், பனி இறங்கி மண்டபம்கூடத் தெரியாத நேரம். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வாசலில் குந்திப் பொன்னாங்கண்ணி ஆய்ந்துகொண்டிருந்தாள். மூக்கில் ஏதோ வந்து குத்தியது. என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை. எழும்பி வாய்க்கால் பக்கம் போனாள், அங்கே இல்லை. விறகு அடுக்கிய இடத்துக்குப் போனாள், அங்கேயும் இல்லை. குசினிக்குள் வந்தாள். டெக்சியிலிருந்து கறுப்பாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவள் கிட்டப் போய், குனிந்து, அந்தப் புகைக்குள் முகத்தை வைத்தாள்.

புகையைக் கண்டு ஜீவன் சேர் ஓடி வந்தார். "விஜியக்கா, பருப்பு கருகுது!"

"ஆமாங்க சேர், கருகுது," என்றாள். கன்னத்தில் தண்ணி ஓடியது. "நல்லா கருகுது."

"எறக்குங்க, எறக்குங்க!"

"கொஞ்சம் இருங்க சேர்," என்று அவள் அவர் கையைத் தடுத்தாள். "இன்னும் கொஞ்சம் கருகட்டும்."